ஒரு ஷூ நீள மூலை

என் வீட்டுக்காரர் பெயின்டர். படம் வரைகிற பெயின்டர் இல்லை, சுவருக்கு அடிக்கிற பெயின்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதல் ரகம் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பார்வை அவருக்கு. உங்களோடு பேசிக்கொண்டே உங்கள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். ஏதோ கவிதை யோசிக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் உங்கள் வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் மூலை. 'மூலை வந்தாச்சா?' 'மூலைக்கு ஒரு டீ சொல்லு.' கொஞ்சம் மரியாதை தெரிந்த பையன்கள் மூலையண்ணன் என்பார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. அப்போது என்னையும் மூலை வீட்டுக்காரி என்று சொல்லுவார்கள். நாங்கள் குடியிருந்ததோ தெருவின் நட்டநடுவில்.

இந்தப் பெயர் கூடைப்பந்து மைதானத்தில் வந்தது. எங்கள் பகுதியில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு போட்டி நடக்கும், சனிக்கிழமை சாயங்காலங்களில். தொழிலுக்கு ஓர் அணி. பெயின்டர்கள், பஸ் டிப்போக்காரர்கள், ஐஸ் ஃபாக்டரிக்காரர்கள், தையல்காரர்கள். நான் வேலை பார்க்கும் பேக்கரிக்கு அணி கிடையாது. எங்கள் முதலாளியில் தொடங்கி அடுப்புக்காரி நான் வரைக்கும் யாரும் ஓடுகிற உடம்பு இல்லை.

மைதானம் என்பது ஒரு பழைய கிடங்கின் பக்கத்தில் சிமென்ட் பூசிய தரை. அகலம் போதாது. ஒரு பக்கத்தில் கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் கிடங்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தரைக்குக் கோடு போடும் வேலையைப் பெயின்டர்களிடமே கொடுத்தார்கள். ரிங்கைச் சுற்றிப் பெரிதாக ஒரு வளைவு போட வேண்டும். வளைவுக்கு உள்ளேயிருந்து போட்டால் இரண்டு புள்ளி, வெளியிலிருந்து போட்டால் மூன்று. அகலம் போதாததால், வளைவு வந்து சேரும் மூலையில் பக்கக் கோட்டுக்கும் வளைவுக்கும் நடுவே நிற்கவே இடமில்லாமல் போய்விட்டது. என்ன செய்யலாம் என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் தன் ஷூவைக் கழற்றி, குதிகாலைப் பக்கக் கோட்டில் ஒட்டவைத்து, நுனிக்குக் கொஞ்சம் முன்னால் சாக்பீஸால் குறித்துவிட்டார். வளைவு அங்கே வந்து முடிந்தது.

அவருக்குச் சின்னப் பாதம். செருப்புக் கடையில் பையன்கள் போடுகிற வரிசையில்தான் தேட வேண்டும். அதனால் அந்த மூலையில் வேறு யார் போய் நின்றாலும் ஒன்று குதிகால் வெளியே போய் ஆட்டம் நின்றுவிடும், இல்லையென்றால் விரல் கோட்டை மிதித்து மூன்று இரண்டாகிவிடும். அங்கே அளவாக நிற்கக்கூடிய ஒரே ஆள் இவர்தான். வேண்டுமென்று செய்தாரா என்று அன்றிலிருந்து சண்டை நடக்கிறது. 'என் ஷூதான் பக்கத்துல இருந்துச்சு' என்பார் அப்பாவியாக. நான் அவரோடு குடித்தனம் நடத்துகிறவள். எனக்கு அந்த அப்பாவித்தனம் தெரியும்.

நான் விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்புக்குப் போகிறவள். அதனால் சாயங்காலமானால் என் கண்ணில் எல்லாமே கொஞ்சம் மிதக்கும். அந்த நேரத்தில்தான் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் ஆட்டத்தைப் பார்ப்பேன், பாதி தூக்கத்தில். சாய்ந்த வெயிலில் சிமென்ட் தரை பால் ஆடை மாதிரி இருக்கும். பந்து தரையில் விழும் சத்தம் எங்கேயோ பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்கும். எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அந்த மூலையில், கைகளை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, யாரோ பிரசாதம் தரப்போவது போல நின்றுகொண்டிருப்பார். பந்து வரும். வாங்குவார், முழங்கால் மடங்கும், குதிகால் எழும்பும், கை மேலே போகும். அதற்குப் பிறகு பந்து மேலே போவதும் கீழே வருவதும் தனிக் கதை. பல நாள் அது வலையில் விழுவதற்குள் நான் ஒரு சின்னத் தூக்கம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு ஆட்டம் புரியவைத்தது அவர்தான். சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை வைத்துக் காட்டினார். பெயின்டர் அணிக்கு மேஸ்திரிதான் தலைவர். குட்டையாக, உருண்டையாக இருப்பார், ஆனால் பந்தோடு உள்ளே புகுந்தால் தடுக்க ஒருவர் போதாது. இன்னொருவர் உதவிக்கு வர வேண்டும். உதவிக்கு வருகிறவன் யாரையாவது விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். விடப்பட்டவன் கையில் பந்து போய்ச் சேர்ந்தால், அவனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், நிதானமாகப் போடலாம்.

"அவ்வளவுதான் சூட்சுமம்," என்றார். "போடறது பெரிசில்ல. போட நேரம் கிடைக்கணும். அதுக்குத்தான் அஞ்சு பேரும் வேலை செய்யறோம்."

"நீங்க எங்கே வேலை செய்யறீங்க? சும்மா நிக்கறீங்க."

"நான் நிக்கறதே வேலை. என்கிட்ட இருக்கறவன் என்னை விட்டு நகர மாட்டான். நகர்ந்தா நான் போட்டுடுவேன்ல. அதனால அவன் உதவிக்குப் போக மாட்டான். உள்ளே கதவு திறந்துக்கும்." ஒரு டம்ளரை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். "இது நான்."

நான் அந்த டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டேன். ஆனால் புரிந்துவிட்டது.

அணியில் இன்னும் ஒரே ஓர் ஆளைச் சொன்னால் போதும். சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். இவரோடுதான் வேலைக்குப் போவான். ஆள் நெட்டை, குறி தப்பாதவன், ஆனால் பந்து கைக்கு வந்ததும் முதலில் மூக்கிலிருந்து வழிந்த கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டும், பிறகு ரிங் எங்கே என்று தேட வேண்டும், பிறகுதான் போட முடியும். அவனுக்கு நேரம் சம்பாதித்துக் கொடுப்பதே பெயின்டர் அணியின் முழுநேர உத்தியோகம்.

அப்புறம் ஒரு மழைக்காலம் வந்தது.

எங்கள் படுக்கையறைக்கு நீலம் அடிப்பதாக அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் வெள்ளையடிக்கிறவர் வீட்டுச் சுவர் மஞ்சள் பூத்துக் கிடந்தது. வெளி வேலை இல்லாத ஒரு மழை நாளில் தொடங்கியே விட்டார். நான் பேக்கரியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தேன். கீழே நீலம், மேலே பழைய மஞ்சள். சுவரின் அடியிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பெயின்டரும் கீழேயிருந்து தொடங்க மாட்டான். மேலேயிருந்து வழிவது கீழே சேரும், அதைத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். இது எனக்கே தெரியும்.

"என்னங்க இது, கீழேருந்து?"

"புது ஸ்டைல்," என்றார். முகத்தைத் திருப்பவில்லை.

நீலம் அவர் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. ஆயுசு முழுவதும் கூரையைப் பார்த்து அடித்த வலது கை, நெஞ்சுக்கு மேல் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. தோள் இறுகிப்போச்சு, தானாக விட்டாலும் விடலாம், விடாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் சொல்லத் தெரிந்திருக்கும் அதை.

வேலைக்கு ஆபத்து வரவில்லை. மேஸ்திரி நல்ல மனிதர். சோடாபுட்டி மேல் பாதி அடிப்பான், இவர் கீழ் பாதி அடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெயின்டர். நடுவில் கோடு தெரியாமல் அடிப்பதில் மேஸ்திரியிடமே பெயர் வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை மூலையை மட்டும் யாரோடும் பாதிப் பாதியாகப் பங்கு போட முடியாது. அது போய்விடுமோ என்று அவர் பயந்தது எனக்குத் தெரியும். வாயால் சொல்லவில்லை. ஷூவைத் துடைப்பது மட்டும் அதிகமாகிவிட்டது.

அப்போதெல்லாம் எனக்கு ஒரு கனவு வரும். அவர் எங்கள் அறையில் நின்றுகொண்டு பந்தைப் போடுவார். கை அழகாக மேலே போகும். பந்து மஞ்சள் பாதியைத் தாண்டும்போது அந்த இடமெல்லாம் நீலமாகிக்கொண்டே போகும். அடுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து பார்த்தால், அவர் வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருப்பார். எனக்கு அழுகை வரும். கொஞ்சம் அழுதுவிட்டு ரொட்டி போடப் போவேன்.

சட்டை ஒரு பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஏறாத கைக்கு ஒருவர் கூட நின்றுதான் சட்டை போட முடியும். நானோ காலையில் பேக்கரி அடுப்படியில் இருப்பேன். என் தம்பி எங்களுக்கு நேர் மேல் மாடியில் குடியிருக்கிறான். ஐஸ் ஃபாக்டரியில் இரவு வேலை, விடிந்ததும் வீட்டுக்கு வருவான். அவனிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவன் வந்து போட்டுவிட ஆரம்பித்தான். முதலில் வலது கையை உள்ளே விட வேண்டும், சட்டையை முதுகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், கடைசியில் இடது கை. பிறகு பட்டன். இரவெல்லாம் ஐஸ் கட்டியைத் தூக்கிய விரல்கள் கழுத்தில் படும்போது இவர் சிலிர்த்துக்கொள்வாராம். முதல் நாள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தம்பி சொன்னான். இரண்டாம் நாள் இவர், "மச்சான், உன் கை பொணம் மாதிரி இருக்கு," என்றிருக்கிறார். அதற்குப் பிறகு சரியாகிவிட்டது.

மைதானத்தில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். இவருக்குக் கை ஏறாது என்பது பெயின்டர்களுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற அணிகளுக்குத் தெரிந்தால், இவரை அம்போவென்று விட்டுவிட்டு மேஸ்திரி மேல் பாய்வார்கள். அதனால் எல்லோரும் சேர்ந்து ஊர் கண்ணில் மண்ணைத் தூவினார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மற்றவர்கள் போட்டுப் பழகும்போது இவர் ஷூ லேஸ் கட்டுவார். கட்டி முடித்ததும் அவிழ்த்துக் கட்டுவார். நடுவரிடம் போய் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார். ஆட்டத்தில் பந்து வந்தால், ரிங்கை ஒரு தரம் அலட்சியமாகப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் நான் போடற பந்தா' என்கிற முகத்தோடு இடது கையால் வேறு யாருக்காவது தள்ளிவிடுவார்.

"மூலைக்கு இப்போ ரொம்பத் திமிரு," என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். நான் தலையாட்டினேன். ஆமாம், வீட்டிலும் அப்படித்தான் என்றேன். இவரைக் காவல் காப்பவன் ஓர் அங்குலம் நகரவில்லை. போடாத மனிதரைப் பார்த்துப் பயந்து, ஒவ்வொரு வாரமும் ஒரு தடியன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே கதவு திறந்தே கிடந்தது. பெயின்டர்கள் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள்.

பிறகு ஐஸ் ஃபாக்டரியோடு ஆட்டம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் தம்பி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நாளைக்கு மாமாவை நான்தான் பார்த்துக்கணும்னு சொல்லிட்டாங்க."

"தினமும் நீதானே பார்த்துக்கறே."

"ஆட்டத்துல சொல்றேன்க்கா."

"அதுக்கென்ன? பக்கத்துலயே நில்லு. மத்தவனெல்லாம் நிக்கலையா?"

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "நிக்கக் கூடாது," என்றார்.

"அவங்களுக்குத் தெரியாது, நின்னாங்க. அது ஆட்டம்," என்று அவரே தொடர்ந்தார். "உனக்குத் தெரியும் மச்சான். தெரிஞ்சும் நின்னா அது பிச்சை."

"நான் விட்டுட்டுப் போனா எல்லாருக்கும் தெரிஞ்சுடும் மாமா. அப்புறம் உங்களை டீம்ல எப்படி..."

"தெரியட்டும். நீ எனக்காக நின்னேன்னு மட்டும் தெரிஞ்சுது, அடுத்த நாள்லருந்து உன் கையால சட்டை போட்டுக்க மாட்டேன். வெறும் உடம்போட வேலைக்குப் போவேன்."

"போங்களேன்," என்றேன் நான். "மேலே ஒரு கோட்டிங் அடிச்சுக்கிட்டுப் போங்க. சட்டை மாதிரியே இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குமே சிரிப்பு வரவில்லை. அவருக்கு ரோஷம் வந்தால் வந்ததுதான், சொன்னதைச் செய்வார். தம்பி கிளம்பும்போது மாடிப்படி வரைக்கும் கூடப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "டேய், அவர் கெடக்கறாரு. நீ நின்னுடுடா. அந்த ஒரு இடம்தான் அவருக்கு இருக்கு," என்றேன். அவன் கையை விடுவித்துக்கொண்டு மேலே ஏறிப்போய்விட்டான்.

மறுநாள் நான் தூங்கவில்லை. படிக்கட்டில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலத்தான் இருந்தது. இவர் தன் மூலைக்குப் போனார். குதிகாலைக் கோட்டுக்கு உள்ளே ஒட்டிவைத்தார், கையை நெஞ்சுக்கு நேரே வைத்தார். தம்பி எதிரே வந்து நின்றான். கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி பந்தோடு உள்ளே புகுந்தார்.

தம்பி இவரை விட்டுவிட்டுப் போனான்.

ஓடிப் போய் மேஸ்திரியின் வழியை அடைத்தான். அடுத்த தரமும் போனான். அதற்கடுத்த தரம் இவர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மேஸ்திரிக்கு இரண்டு பேர், சோடாபுட்டிக்கு மூக்கோடு மூக்கு உரச ஒருவன். கண்ணாடியைத் தூக்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் தனியாக நின்றார். சுற்றி இவ்வளவு பெரிய வெட்டவெளி. பந்து ஒரு முறை வந்தது, வாங்கினார், போடவில்லை, திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது முறையும் அப்படியே. படிக்கட்டில் பேச்சு நின்றது. எல்லோருக்கும் புரிந்துகொண்டு வந்தது. ஐஸ் ஃபாக்டரிப் பக்கத்திலிருந்து ஒருத்தன், "மூலையில யாரோ சட்டை காயப்போட்டிருக்காங்கப்பா!" என்று கத்தினான். சிரிப்பு கிளம்பியது. எழுந்து போய் அவன் வாயில் மாவை அப்பலாமா என்று இருந்தது எனக்கு. தம்பியையும் இரண்டு அறை அறைய வேண்டும் போலிருந்தது. சொன்னபடி நியாயமாக ஆடிக்கொண்டிருந்தான், பாவி.

ஆட்டம் முடியும் தறுவாயில் பெயின்டர்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தார்கள். மேஸ்திரி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே பெஞ்சைப் பார்த்தார். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெயின்டர் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் போய் ஏதோ சொன்னார். 'ஒரே ஒரு பந்து குடுங்க மேஸ்திரி' என்றாராம். மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார். பையனை உட்காரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக ஓடுகிறது. மேஸ்திரி உள்ளே புகுகிறார். தம்பி வழக்கம்போல வழியை அடைக்கிறான். பந்து அவன் இடுப்புக்குப் பக்கத்தில் நழுவி மூலைக்கு வருகிறது. என் வீட்டுக்காரர் வாங்குகிறார். தம்பி திரும்பிப் பார்க்கிறான், நின்ற இடத்திலேயே. அவன் வர வேண்டியதில்லை. அந்தக் கை ஏறாது என்று இந்த உலகத்தில் அவனைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அன்று காலையிலும் அவன்தான் அதைச் சட்டைக்குள் விட்டான்.

இவர் ரிங்கைப் பார்த்தார்.

இத்தனை நாள் பார்த்த அலட்சியப் பார்வை இல்லை அது. பழைய பார்வை. முழங்கால் மடங்கியது. குதிகால் எழும்பியது. மோவாய் உயர்ந்தது. கண் பந்துக்கு முன்னாலேயே கிளம்பிப்போய் வலைக்கு மேலே நின்றது. கை மட்டும் நெஞ்சருகே, பந்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. ஆனால் அந்த உடம்பைப் பார்த்தவர்கள் கையைப் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. போட்டுவிட்டார் என்றே நினைத்து எழுந்துவிட்டேன்.

தம்பி பறந்தான். வேறு சொல் இல்லை. அங்கிருந்து ஓடி வந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கிளம்பாத பந்தைத் தடுக்க ஆகாயத்தில் எழும்பினான். இவர் கொஞ்சம் குனிந்துகொண்டார். அவன் இவரைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, அந்த இரண்டு எட்டையும் தாண்டிப் போய்க் கிடங்குச் சுவரில் மோதினான். மூலைக்காரர் கையில் பந்து, பக்கத்தில் ஒருவருமில்லை. அதைப் பார்த்துப் பதறிப்போய், சோடாபுட்டியைக் காத்துக்கொண்டிருந்தவன் இவரைப் பார்த்து ஓடி வந்தான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இவர் இடது கையால் பந்தைத் தரையோடு தட்டி அனுப்பினார்.

சோடாபுட்டி வளைவுக்கு வெளியே நின்று வாங்கினான். அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டான். ரிங் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். போட்டான். விழுந்தது என்று கூச்சலில் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் நான் சுவரடியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, நேராக வேலைக்குப் போய்விட்டான்.

பெயின்டர்கள் இவரைத் தோளில் தூக்க வந்தார்கள். கையைத் தூக்கக் கூடாது என்பதால் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"நீ அவன்கிட்ட ஏதாவது சொன்னியா?" என்றார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "நின்னுடுடான்னு சொன்னேன்," என்றேன்.

அவர் நடையை எட்டிப் போட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஆட்டம் முழுக்க நியாயமாக ஆடியவன், கடைசியில் மாமா தலை குனிந்து வெளியே போகப்போகிறார் என்று தெரிந்ததும் மனம் இரங்கிக் குதித்துவிட்டான். அப்படித்தான் நானும் நினைத்தேன். எனக்கு அது போதும், நான் நிம்மதியாகவே இருந்தேன். அவருக்குப் போதாது. அவர் பார்த்த பார்வைக்கு ஒருத்தன் எழும்பினானா, அல்லது அவர் கைக்காகப் பரிதாபப்பட்டு எழும்பினானா? முதலாவது என்றால் மூலை இன்னும் அவருடையது. இரண்டாவது என்றால் அவர் நிஜமாகவே அங்கே காயப்போட்ட சட்டைதான்.

மறுநாள் எனக்கு விடுமுறை. விழித்தபோது அவர் கட்டில் ஓரத்தில் வெற்று உடம்போடு உட்கார்ந்திருந்தார். மடியில் சட்டை. பின்னால் நீலச் சுவர் அவர் தோள் வரைக்கும் வந்து நின்றிருந்தது.

"குடுங்க, நான் போட்டுவிடறேன்."

"வேண்டாம். அவன் வரட்டும்."

"அவன் கையால போட்டுக்க மாட்டேன்னு சொன்னீங்க?"

"வந்தா கேப்பேன். அப்புறம் சொல்றேன்."

டீ வைத்தேன். ஆடை படிந்தது. வழக்கமாக அவன் வரும் நேரம் கடந்துபோனது. ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்து மஞ்சள் பாதியில் ஏறியது. "வரமாட்டான்," என்றார். "மூஞ்சில முழிக்க வெக்கம். பரிதாபப்பட்டவனுக்கு அப்படித்தான் இருக்கும்." நான் ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு படாரென்று திறந்தது.

தம்பி நின்றுகொண்டிருந்தான். நெற்றியில் எங்கள் பேக்கரி பன்னை ஒட்டவைத்தது போல வீக்கம். கண் சிவந்திருந்தது.

"எதுக்கு மாமா ரிங்கைப் பார்த்தீங்க?" என்று கத்தினான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பார்க்கக் கூடாதா?"

"ஏறாத கையை வச்சுக்கிட்டு எதுக்குப் பார்க்கணும்? எனக்குத் தெரியும். தினமும் பட்டன் போடறவன் நான். தெரிஞ்சும், நீங்க அப்படிப் பார்த்ததும், பந்து போயிடுச்சுன்னே நினைச்சேன். நான் மேலே போன அப்புறம்தான் பந்து உங்க கையிலயே இருக்கறதைப் பார்க்கறேன். அதுக்கப்புறம் எங்கே இறங்கறது? சுவருதான். ராத்திரி பூரா ஃபாக்டரில சிரிக்கிறானுங்க, சொந்த மாமன் கை தெரியாதவன்னு."

என் வீட்டுக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கக்கா உன்னை நிக்கச் சொன்னாளாமே?" என்றார் மெதுவாக.

"அக்கா சொல்லி என்னிக்கு நான் கேட்டிருக்கேன்?"

அது உண்மை. பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"இன்னொண்ணு கேளுங்க," என்று அவன் குமுறினான். "அடுத்த வாரம் டிப்போக்காரனுங்க உங்களை விட்டு நகரவே மாட்டானுங்களாம். கை ஏறாதுங்கறதே பொய்யாம். நீங்களும் நானும் சேர்ந்து நாடகம் ஆடினோமாம். நான் எவ்வளவோ சொல்றேன், நிஜமாவே ஏறாதுடான்னு. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

அவர் இடது கையை நீட்டி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். அந்த வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தார், புதிதாகப் பூசிய இடம் காய்ந்ததா என்று பார்ப்பது போல.

"வலிக்குதா?"

"வலிக்காம?"

அவர் மடியிலிருந்த சட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தார். தம்பி பிடுங்கிக்கொண்டான். முணுமுணுத்துக்கொண்டே வலது கையை உள்ளே விட்டான், இருந்த கோபத்தில் முதுகுப் பக்கம் வெடுக்கென்று இழுத்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அப்படியே நிமிர்ந்து, தம்பியின் தலைக்கு மேலே, நீலம் இன்னும் போய்ச் சேராத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மெதுவாடா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.